பண்ணையம் / மேலாண்மை / மிச்சம்

1

சென்ற ஆண்டு பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு மாமாவுடன் போக வேண்டியிருந்தது. ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பவர்களைக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. சாப்பாடு போட்டார்கள். பிறகு திரையில் ஒரு பட்டியல் ஓடியது. வளர்ப்பவரின் பெயர், இறக்கிய குஞ்சு, செத்தது எவ்வளவு, சராசரி எடை, ஒரு கிலோ எடைக்குத் தின்ற தீவனம். கடைசிக் கட்டத்தில் குறிப்பு. மாமாவின் பெயர் கீழிருந்து மூன்றாவது. குறிப்பில் 'மேலாண்மைக் குறைபாடு' என்று போட்டிருந்தது.

மாமா அங்கே ஒன்றும் பேசவில்லை. வண்டியில் திரும்பும்போதுதான் சொன்னார்: "முப்பது வருசமாப் பண்ணையம் பண்றேன் மாப்ளே. கல்லுக்காட்டுல கெணறு வெட்டிப் பருத்தி போட்டேன். பொகையெல போட்டேன். தண்ணி கீழ போனதும் மாடு வச்சேன். இப்பக் கோழி. பண்ணையம் தெரியாதவன்னு எவனும் என்னையச் சொன்னதில்லை. எம் மவன் வயசுகூட இருக்காது அந்தப் பையனுக்கு, மேலாண்மை இல்லீங்கறான். அதென்ன மேலாண்மை? எந்தச் சந்தையில விக்குது?"

எந்தச் சந்தையில விக்குது என்கிற கேள்வியை வேடிக்கைப் பேச்சாக ஒதுக்கிவிட முடியவில்லை. விவசாயத்தின் அமைப்பு மாறுவது ஏன், சிலர் பெருப்பதும் பலர் வெளியேறுவதும் ஏன் என்ற கேள்விக்கு இன்று தயாராக இருக்கும் பதில்களில் ஒன்று 'மேலாண்மைத் திறன்'. திறன் உள்ளவன் நிற்கிறான், இல்லாதவன் போகிறான். வேளாண் பொருளாதாரப் பாடநூல் முதல் வங்கி விண்ணப்பப் படிவம் வரை இதுதான் பேச்சு. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது, எதை மறைக்கிறது, யாருக்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. மாமாவுக்கு வக்காலத்து வாங்குவது நோக்கமில்லை. அவரும் ஒருமுறை கூண்டில் ஏறி இறங்க வேண்டியிருக்கும்.

2

கொங்குப் பேச்சில் 'பண்ணையம்' என்ற சொல் அகலமானது. உழவு, விதைப்பு, மாடு கன்று, ஆள் வைப்பது, வாய்க்கால் தகராறு, கடன் வாங்குவது, சந்தைக்குப் போவது எல்லாம் சேர்ந்ததுதான் பண்ணையம். செய்வதையும் செய்விப்பதையும் அந்தச் சொல் பிரிப்பதில்லை. 'மேலாண்மை' பிரிக்கிறது. அது பேசுபவனின் சொல் அல்ல. கல்லூரிப் பாடத்திலிருந்தும் பயிற்சிக் கையேட்டிலிருந்தும் இறங்கிய சொல். மேல் என்று ஒன்று இருந்தால் கீழ் என்று ஒன்று இருந்தாக வேண்டும். மேலே முடிவு, கீழே வேலை. பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆண்மை'க்கு ஆளுதல் என்று பொருள் சொன்னாலும், ஆண் என்பதும் அதற்குள் உட்கார்ந்துதான் இருக்கிறது. கோழி செட்டில் ராத்திரி கண் விழிப்பது யார் என்று பார்க்கும்போது இது விளங்கும்.

இதைச் சொன்ன கையோடு 'ஆகவே பண்ணையம் நல்ல சொல், மேலாண்மை கெட்ட சொல்' என்று முடித்துவிட முடியாது. பண்ணையம் என்ற சொல்லுக்குள் பண்ணையாள் இருக்கிறான். செய்வதையும் செய்விப்பதையும் ஒன்றாக்கிச் சொல்லும்போது யார் செய்தது என்பது காணாமல் போகிறது. நவீனச் சொல் பிரித்துக் காட்டிச் சுரண்டுகிறது. பழைய சொல் கலந்து காட்டிச் சுரண்டியது.

3

மேலாண்மை என்பது பொருளாதாரவியலுக்குள் நுழைந்த விதம் கவனிக்கத் தக்கது. ஒரே அளவு நிலம், ஒரே விதை, ஒரே உரம், ஒரே தண்ணீர். ஒருவன் அதிகம் எடுக்கிறான், இன்னொருவன் குறைவாக எடுக்கிறான். அளந்த எதுவும் இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. அப்படியானால் அளக்கப்படாத ஏதோ ஒன்று அந்த விவசாயியிடம் வருடா வருடம் மாறாமல் இருக்கிறது. அதற்கு மேலாண்மை என்று பெயர் வைத்தார்கள். யாயிர் முண்ட்லக் 1961இல் எழுதிய கட்டுரை இந்தப் போக்கின் முக்கியமான படி. அவருடைய பிரச்சினை ஒரு புள்ளியியல் பிரச்சினை. மேலாண்மை என்ற அளவிடாத காரணி நிலத்தின் பங்கையும் உழைப்பின் பங்கையும் தப்பாகக் காட்டுகிறது, அந்தச் சாய்வை நீக்குவது எப்படி என்பதுதான் அவர் கேட்டது. அதாவது, முதலில் மேலாண்மை என்பது கணக்கிலிருந்து கழிக்கப்பட வேண்டிய ஒன்று. கழித்தபின் கிடக்கும் மிச்சம்.

இந்த மிச்சம் பிறகு காரணமாகப் பதவி உயர்வு பெற்றது. ராபர்ட் லூகாஸ் 1978இல் நிறுவனங்களின் அளவைப் பற்றி ஒரு கோட்பாடு முன்வைத்தார். மனிதர்களிடம் நிர்வாகத் திறமை ஏற்றத்தாழ்வாகப் பரவியிருக்கிறது. அதிகம் உள்ளவர் பெரிய நிறுவனத்தை நடத்துகிறார், குறைவாக உள்ளவர் கூலிக்குப் போகிறார். இதை வயலுக்குக் கொண்டுவந்தால் கதை தயார். டிராக்டரும் கணிப்பொறியும் வந்தபின் ஒரு நல்ல நிர்வாகியால் முன்பைவிட அதிக ஏக்கரைக் கவனிக்க முடிகிறது. மோசமான நிர்வாகியின் நிலம் நல்ல நிர்வாகியின் கைக்குப் போகிறது. பண்ணைகளின் எண்ணிக்கை குறைகிறது, அளவு பெருக்கிறது. எல்லாம் இயற்கை. யாரும் யாரையும் வெளியேற்றவில்லை.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. மனிதர்களுக்குள் திறமை வித்தியாசமே கிடையாது என்று வீம்புக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஊரில் ஒருத்தர் காட்டில் வெள்ளாமை நிற்பதும் பக்கத்துக் காட்டில் நிற்காததும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. விளக்கப்படாத மிச்சத்துக்குள் என்னென்ன கிடக்கிறது என்று யாரும் திறந்து பார்ப்பதில்லை. வாய்க்காலின் தலைப்பில் நிலம் இருப்பது அதற்குள் கிடக்கலாம். கூட்டுறவு சங்கத் தலைவர் பங்காளியாக இருப்பது கிடக்கலாம். சாதி கிடக்கலாம். கூலி வாங்காத மனைவியின் உழைப்பு கிடக்கலாம். எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டித் 'திறன்' என்று சீட்டு ஒட்டி அந்த ஆளின் மண்டைக்குள் வைத்துவிடுகிறார்கள். பொருளாதார வளர்ச்சியின் விளக்கப்படாத மிச்சத்தைப் பற்றி மோசஸ் அப்ரமோவிட்ஸ் 1956இல், அது நம் அறியாமையின் அளவு என்ற பொருளில் எழுதினார். அந்த அடக்கம் பின்னால் வந்தவர்களிடம் இல்லை.

நம்மூர் அனுபவம் ஒன்றை இங்கே நினைவுபடுத்தலாம். 1950களின் நடுவில் இந்திய அரசு பல மாநிலங்களில் 'பண்ணை மேலாண்மை ஆய்வு' என்ற பெயரிலேயே கணக்கெடுத்தது. சென்னை மாநிலத்தில் எடுத்துக்கொண்டது கோவை, சேலம் மாவட்டங்களை. அதாவது மாமாவின் அப்பாவுடைய காலத்துக் காடுகளை. இந்த ஆய்வுகளின் புள்ளிவிவரங்களை வைத்து அமர்த்தியா சென் 1962இல் எழுதியவை பெரிய விவாதத்தைக் கிளப்பின. பண்ணை சிறிதாகச் சிறிதாக ஏக்கருக்கு விளைச்சல் கூடுகிறது என்பது ஒன்று. குடும்பத்தாரின் உழைப்புக்குச் சந்தைக் கூலி போட்டுக் கணக்குப் பார்த்தால் இந்திய விவசாயத்தின் பெரும்பகுதி நட்டத்தில் ஓடுகிறது என்பது இன்னொன்று. சிறியவன் திறமைசாலியா, பெரியவன் திறமைசாலியா என்று இருபது வருடம் சண்டை போட்டார்கள். இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் படித்தால் விசயம் வேறு. சிறியவன் ஏக்கருக்கு அதிகம் எடுப்பது வீட்டாரின் உழைப்பைக் கணக்கில்லாமல் கொட்டுவதால்தான் என்பதே சென் தந்த விளக்கத்தின் சாரம். சயனோவ் ரஷ்யக் குடியானவர்களைப் பற்றி 1925இல் எழுதிய நூலில் இதைத் தன்னைத்தானே சுரண்டிக்கொள்வது என்று விளக்கியிருந்தார். 1937இல் ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. நம் இடதுசாரிகள் அவரைச் சேராத ஆளாகவே நெடுநாள் வைத்திருந்தார்கள்.

4

திறன் என்ற சொல் வெறும் ஏட்டுச் சொல் அல்ல, அது ஒரு கதவு என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. இந்தக் கோட்பாடு வளர்ந்த மண் அது. 1935இல் அங்கே 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கெடுப்பில் 19 லட்சம். நல்ல நிர்வாகிகள் மிஞ்சினார்கள், மற்றவர்கள் போனார்கள் என்பது அதிகாரப்பூர்வமான கதை.

வில்லார்ட் காக்ரேன் 1958இலேயே இந்தக் கதைக்குள் ஓடும் இயந்திரத்தைக் காட்டியிருந்தார். புதிய முறையை முதலில் எடுத்துக்கொள்பவனுக்குக் கொஞ்ச காலம் லாபம். எல்லோரும் எடுத்ததும் விளைச்சல் பெருகி விலை சரிகிறது. இப்போது அதே முறையை எடுப்பது லாபத்துக்காக அல்ல, விழாமல் இருப்பதற்காக. கடைசியில் எடுப்பவன் விழுகிறான், அவன் நிலம் முதலில் எடுத்தவனுக்குப் போகிறது. செக்குமாட்டு ஓட்டம் மாதிரி. எவ்வளவு ஓடினாலும் அதே இடம். இதில் முதலில் ஓடுவதற்குத் தேவைப்படுவது அறிவு மட்டுமா? அந்த வருடம் கடன் கிடைத்தாக வேண்டும்.

1970களில் அமெரிக்க விவசாயச் செயலர் ஏர்ல் பட்ஸ், பெருக்க வேண்டும் இல்லாவிட்டால் வெளியேற வேண்டும் என்ற கருத்தைப் பரப்பினார். நிபுணர்களின் பேச்சைக் கேட்டு, கடன் வாங்கி, நிலம் வாங்கிப் பெருத்தவர்கள்தான் அந்தப் பத்தாண்டின் நல்ல நிர்வாகிகள். 1979இலிருந்து மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. ஏற்றுமதி சுருங்கியது, நிலத்தின் விலை விழுந்தது. 1980களில் முதலில் ஏலத்துக்கு வந்தவற்றில் இந்த நல்ல நிர்வாகிகளின் நிலம் நிறைய. ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. பத்து வருடத்தில் திறமைசாலி திறமையற்றவன் ஆகிவிட்டான். அப்படியானால் அந்தத் திறமை எங்கே இருந்தது? அவன் தலையிலா, வட்டி விகிதத்திலா?

இன்னும் கசப்பான பகுதி இருக்கிறது. 1920இல் அமெரிக்காவில் கறுப்பின விவசாயிகள் 9 லட்சத்துக்கும் மேல். 1997 கணக்கெடுப்பில் 20 ஆயிரத்துக்கும் கீழ். அரசுக் கடனுக்குத் தகுதி பார்க்கும்போது விண்ணப்பிப்பவருக்குப் போதிய 'நிர்வாகத் திறன்' இருக்க வேண்டும் என்பது விதிகளில் ஒன்று. நெடுங்காலம் அந்தத் தகுதியைப் பார்த்தவை வட்டார அளவிலான கமிட்டிகள். அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். கடன் மறுப்பு, தாமதம், விதைப்புக் காலம் முடிந்தபின் பணம் தருவது என்று குவிந்த புகார்கள் வழக்காகி, பிக்ஃபோர்ட் வழக்கு என்ற பெயரில் 1999இல் சமரசத்தில் முடிந்தது. விவசாயத் துறை இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. மூட்டைக்குள் என்ன கிடக்கிறது என்று ஒருமுறை திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது நிறவெறி. வெளியே ஒட்டியிருந்த சீட்டில் திறன்.

5

இப்போது மாமாவின் செட்டுக்குத் திரும்பலாம்.

1990களின் தொடக்கத்திலிருந்து கோவை வட்டாரத்தில் பரவிய ஒப்பந்தக் கோழி வளர்ப்பின் ஏற்பாடு எளியது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையவை. செட், தண்ணீர், கரண்ட், கீழே பரப்பும் தேங்காய் மஞ்சி, ஆள் எல்லாம் வளர்ப்பவருடையவை. நாற்பது நாள் சுமாருக்குக் கம்பெனி கோழியைப் பிடித்துக்கொண்டு எடைக்குத் தக்க வளர்ப்புக் கூலி தருகிறது. கூலியைத் தீர்மானிப்பதில் முக்கியமான எண் தீவன மாற்று விகிதம், ஊரில் எப்.சி.ஆர். என்றுதான் சொல்வார்கள். ஒரு கிலோ உயிர் எடைக்கு 1.5 முதல் 1.7 கிலோ வரை தீவனம். அரைக்கால் கூடினாலும் கூலியில் கை வைக்கப்படும். எல்லோருக்கும் ஒரே குஞ்சு, ஒரே தீவனம். ஆகவே எண்ணில் வரும் வித்தியாசம் வளர்ப்பவரின் மேலாண்மை. முண்ட்லக்கின் மிச்சம் இங்கே கூலிச்சீட்டாக வந்து நிற்கிறது. அமெரிக்காவில் கறிக்கோழியில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒப்பந்த முறைதான். அங்கே பல கம்பெனிகள் வளர்ப்பவர்களை ஒருவருக்கொருவர் போட்டியிட வைத்துக் குழுவின் சராசரிக்கு மேல் கீழ் என்று கூலியைப் பிரிக்கின்றன.

ஒரே குஞ்சு என்பது உண்மையா? மாமாவுக்கு அந்த பேட்சில் வந்த குஞ்சு கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது. இளம் தாய்க்கோழியின் முட்டையிலிருந்து வரும் குஞ்சு சிறியதாக இருக்கும், முதல் வாரத்தில் அதிகம் சாகும் என்பது கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தாய்க்கோழியின் வயதைக் கம்பெனி சொல்வதில்லை. குஞ்சு இறங்கியது ஏப்ரல் கடைசியில். அதை மாமா கேட்கவில்லை. லாரி வந்து நின்றது. கோழி பிடிக்க வேண்டிய நாளில் சந்தை விலை படுத்துக்கிடந்ததால் லாரி வரவில்லை. 47ஆம் நாள்தான் பிடித்தார்கள். வயது ஏற ஏறக் கோழி தின்பதற்குத் தக்க எடை போடாது. அந்த ஏழு நாள் தீவனமும் மாமாவின் எண்ணில் ஏறியது. கம்பெனி சந்தைக்காகக் காத்திருந்ததன் செலவு, வளர்ப்பவரின் மேலாண்மைக் குறைபாடாக எழுதப்பட்டது.

எந்த இனம், எப்போது இறக்குவது, என்ன தீவனம், எப்போது பிடிப்பது, யாருக்கு விற்பது என்ற முடிவுகள் முழுக்க மேலே போய்விட்டன. முடிவு எடுக்கும் உரிமை மேலே போகப் போக, முடிவின் விளைவுக்குப் பொறுப்பு கீழே இறங்குகிறது. திறன் என்ற சொல் இந்த இரண்டையும் இணைக்கும் ஆணி. உனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் குற்றம் உன்னுடையது. பரீட்சை என்பது ஒவ்வொரு மனிதனையும் ஒரு கோப்பாக மாற்றுகிறது என்று ஃபூக்கோ சொன்னதை நாம் சிறையையும் பள்ளியையும் வைத்தே பேசி வந்திருக்கிறோம். பேட்ச் தாளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இப்போது அது தாளாகக்கூட இல்லை. தினமும் செத்த கோழியின் எண்ணிக்கையை போனில் ஏற்றச் சொல்கிறார்கள். மாமா கண்டுபிடித்து வைத்திருக்கும் சின்னச் சின்ன உபாயங்களும் அந்த வழியாக மேலே போய், அடுத்த கூட்டத்தில் 'வழிகாட்டு நெறிமுறை'யாகத் திரும்பி வருகின்றன.

அந்தத் தாளில் அத்தையின் பெயர் இல்லை. குஞ்சு இறங்கிய முதல் வாரம் செட்டுக்குள் 32, 33 டிகிரி சூடு குறையக்கூடாது. கரண்ட் போனால் கரிச்சட்டி, காற்றடித்தால் படுதா. குஞ்சுகள் ஒரே மூலையில் போய்க் குமிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம், சிதறி வாயைப் பிளந்தால் சூடு அதிகம். சத்தத்தை வைத்தே அத்தை சொல்லிவிடுவார். ராத்திரி மூன்று தடவை எழுந்து போவது அவர்தான். இந்தக் கேட்கும் திறனுக்கு எந்தக் கையேட்டிலும் பெயர் கிடையாது. அத்தையின் தூக்கத்துக்குச் சந்தைக் கூலி போட்டால் மாமாவின் எல்லா பேட்சும் நட்டம். சென் சொன்னது அறுபது வருடத்துக்குப் பிறகும் செட்டுக்குள் படுத்திருக்கிறது.

6

கோழி விதிவிலக்கு, நெல்லும் கரும்பும் அப்படியில்லை என்று ஒரு நண்பர் மறுத்தார். பார்க்கலாம்.

1970-71 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியாவில் சாகுபடிப் பண்ணைகள் 7 கோடியைச் சற்றே தாண்டியிருந்தன. சராசரி அளவு 2.28 ஹெக்டேர். 2015-16இல் 14.6 கோடி, சராசரி 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர்தான். அமெரிக்காவில் நடந்ததற்கு நேர் எதிர். லெனின் 1899இல் ரஷ்யாவைப் பற்றிச் சொன்ன மாதிரிக் குடியானவர்கள் இரண்டாகப் பிளந்து நிலம் ஒரு பக்கம் குவியும் என்று நாம் காத்திருந்தோம். குவிந்த இடங்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. ஆகவே அமைப்பு மாறவில்லை என்று அர்த்தமா?

மாறியிருக்கிறது. நிலம் சிதற, நிர்வாகம் குவிந்துகொண்டிருக்கிறது. டெல்டாவில் அரை ஏக்கர்க்காரரும் பத்து ஏக்கர்க்காரரும் அறுப்புக்கு ஒரே ஏஜெண்டுக்குத்தான் போன் போடுகிறார்கள். சேறு கிடந்தால் பெல்ட் வண்டி, காய்ந்திருந்தால் டயர் வண்டி. எந்த ஊருக்கு எந்த நாள் என்பது ஏஜெண்டின் நோட்டில் இருக்கிறது. மழைக்கு முன் அறுக்க முடிந்தவன் கெட்டிக்காரன், முடியாதவன் ஏமாளி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்ற கோடு. மழை வருடங்களில் தளர்வு கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுதுகிறது, பதில் வரும்வரை நெல் தார்ச்சாலையில் காய்கிறது. மருந்து எது என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கிறார், காரணம் கடன் அங்கேதான். கரும்பில் இது இன்னும் பழையது. பதிவு போட்ட நாள் முதல் ஆலைதான் எஜமான். வெட்டு உத்தரவு தள்ளிப்போனால் கரும்பு காய்ந்து எடை இறங்கும். இறங்கிய எடை விவசாயியின் கணக்கு.

ஆக, பட்டா விவசாயியின் பெயரில் இருக்கிறது. பண்ணையம் அவர் கையில் இல்லை. உழுபவருக்கு நிலம் என்ற கோரிக்கை இன்றும் நியாயமானதுதான். நிலமே கிடைக்காத தலித் குடும்பங்களை வைத்துப் பார்த்தால் அது தொடங்கவேகூட இல்லை. ஆனால் நிலத்தைக் கையில் கொடுத்துவிட்டு முடிவெடுக்கும் உரிமையை இன்னொரு வாசல் வழியாக எடுத்துக்கொண்டு போக முடியும் என்பதை நம் அமைப்புகள் இன்னும் கோட்பாட்டளவில்கூட எதிர்கொள்ளவில்லை.

7

மாமாவைக் கூண்டில் ஏற்ற வேண்டிய இடம் இது.

மாமாவின் செட்டில் வடமாநிலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் தங்கி வேலை செய்கிறது. புருசன் பெண்டாட்டி இரண்டு பேர், சம்பளம் ஒரு கணக்கில். அவர்களைப் பற்றி மாமா சொல்வது: "சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது மாப்ளே. பொறுப்பே இல்லை இவிங்களுக்கு." மண்டபத்தில் மாமாவின் மேல் விழுந்த வாக்கியம் அப்படியே ஒரு படி கீழே இறங்கி விழுகிறது. குறைபாடு எப்போதும் கீழே இருப்பவனுடையது. அவர்களுக்கு முன்னால் அதே காட்டில் ஆடு மேய்த்த அருந்ததியச் சிறுவர்களுக்கும் இதே பட்டம்தான் இருந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யில் (2000) ஆடுகளின் குணமும் மேய்ச்சலும் பையன்களுக்குத் தெரியும். ஆடு மட்டும் கவுண்டருடையது.

கீழத்தஞ்சையில் நிலத்தைக் கால் வைத்துக்கூடப் பார்க்காத மிராசுதார்கள் இருந்தார்கள். காரியஸ்தர் கணக்குப் பார்த்தார். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த நாற்று எத்தனை நாளில் பிடுங்குவது என்பதெல்லாம் சேரிக்குத் தெரிந்த விசயம். ஆனால் அந்த நிலவுடைமையாளர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'நெல் உற்பத்தியாளர் சங்கம்'. கையில் சேறு படாதவர் உற்பத்தியாளர், சேற்றில் நின்றவர் ஆள். கூலி உயர்வுக்கும் செங்கொடிக்கும் எதிரான அந்தச் சங்கத்தின் காலத்தில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று, இத்தனை வசதியானவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது. இந்த வாதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். பெரியவர்கள் எதையும் தாமே செய்வதில்லை, செய்விப்பவர்கள் என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. விளைச்சலின் பெருமை வரும்போது செய்வித்தவனுக்கு உரிமை. கொலையின் பொறுப்பு வரும்போது செய்வித்தவனுக்கு விலக்கு.

எழுதுகிறவர்களிடம் ஒன்று. நம் விவசாயக் கதைகளில் மண் வருகிறது, மழை வருகிறது, விற்ற மாட்டின் கண்ணீர் வருகிறது. கணக்கு வருவதில்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே 'நாகம்மாள்' நாவலில் பாகம் கேட்கும் ஒரு பெண்ணை வைத்து, பண்ணையம் யார் கையில் என்ற கேள்வியைக் கொலைவரை கொண்டுபோனார். அதற்குப் பின் ஏஜெண்டின் நோட்டும் பேட்ச் தாளும் நம் எழுத்துக்குள் எவ்வளவு வந்திருக்கின்றன? அம்மா என்று மண்ணைப் பாடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் கணக்குப் புத்தகம் கைமாறிவிட்டது.

8

அப்படியானால் திறனே தேவையில்லையா? தேவை. ஆனால் திறனைப் பற்றிப் பேசுகிறவன் அதிகாரத்தைப் பற்றியும் பேச வேண்டும். முடிவு யாருடையதோ நட்டம் அவருடையது என்பது எளிய நியாயம். தாய்க்கோழியின் வயது, குஞ்சின் எடை, தீவனத்தின் தரம், பிடிக்கத் தாமதமான நாட்கள் இவையெல்லாம் அதே தாளில் கம்பெனியின் பெயரில் ஏற வேண்டும். தமிழ்நாடு அரசு 2019இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பார்வையில் இருப்பவை இரண்டு தரப்புகள்: உற்பத்தி செய்பவர், வாங்குபவர். செட்டுக்குள் தூங்கும் குடும்பம் மூன்றாவது தரப்பு. ராத்திரி எழுந்து போகும் பெண் நான்காவது. வளர்ப்புக் கூலியை உயர்த்து என்று மட்டும் கேட்கும் போராட்டம் இந்த இரண்டு பேரையும் சேர்க்காவிட்டால் அது இன்னொரு 'உற்பத்தியாளர் சங்கம்' ஆகிவிடும் அபாயம் இருக்கிறது.

இந்த முறை குஞ்சு இறங்கியபோது மாமா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். லாரி வந்த நேரம், வந்த அன்றைக்கே பத்துக் குஞ்சின் எடை, சூப்பர்வைசர் வந்த நாள், கோழி பிடிக்கச் சொல்லி போன் போட்ட தேதி. எழுதுவது அத்தை, எட்டாவதுவரை படித்தவர், கையெழுத்து மணிமணியாக இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேர் இதைப் பார்த்து நோட்டுப் போட்டிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டுபோவதாகப் பேச்சு.

நான் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. செட்டில் வேலை செய்யும் அந்த இரண்டு பேரின் பெயரும், அவர்கள் கண் விழித்த ராத்திரிகளும் மட்டும் அதில் இல்லை. மாமாவிடம் சொன்னேன். "அதை எதுக்கு மாப்ளே எழுதோணும்?" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி உள்ளே வைத்தார்.